எது சரியான மலகாசி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், 'மடகாஸ்கரில் என்ன மொழி பேசுகிறார்கள்?' என்று கேட்டிருந்தார். 'மலகாசி. போர்னியோத் தீவிலிருந்து கடல் கடந்து போனவர்களின் மொழி' என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரத்தினபுரிப் பக்கமிருந்தும் பதுளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் பகுதி முழுவதும் மலகாசிக்குத்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு மாணிக்கக்கல் முதலாளியோடு மடகாஸ்கரில் இலக்காக்கா என்ற ஊரில் வேலை செய்கிறார். போகுமுன் போனில் பார்த்துக் கொஞ்சம் மலகாசி படித்துக்கொண்டு போனார். அங்கே போனால் இவர் படித்தது ஒன்று, அவர்கள் பேசுவது வேறொன்றாம். மலகாசி ஒரு மொழியா, பல மொழியா?
*– பலாங்கொடையிலிருந்து ஒரு வாசகி*

ஒரு மொழிதான் தங்கச்சி. ஆனால் அந்தத் தீவு நம் இலங்கையைப் போல ஒன்பது மடங்கு பெரியது. அரசாங்கக் கணக்கில் பதினெட்டு இனக்குழுக்கள். நடு மேட்டுநிலத்தில் மெரினாவும் பெத்சிலேயோவும், கிழக்குக் கரையில் பெத்சிமிசராக்கா, மேற்கில் சக்கலாவா, வடக்கில் சிமிஹெத்தியும் அந்தங்காரனாவும், தெற்கே பாரா, மஹாஃபாலி, தந்திரூய் என்று ஆளாளுக்கு ஒரு பேச்சு. போனில் கிடைக்கும் மலகாசி, தலைநகர் அந்தனனரிவோவைச் சுற்றியுள்ள மெரினாப் பேச்சை அடியாக வைத்து உருவான அரச மலகாசி. உங்கள் வீட்டுக்காரர் நிற்பதோ பாரா மக்களின் நாட்டில். அதிலும் இலக்காக்கா, 1998இல் நீலக்கல் அகப்பட்ட பிறகு திடீரென்று பெருத்த ஊர். தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் கல் தோண்ட வந்து சேர்ந்தார்கள். வாங்குவதற்குத் தாய்லாந்துக்காரரும் நம் நாட்டு வியாபாரிகளும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே தெருவில் ஐந்தாறு விதமான மலகாசி காதில் விழுந்தால் அவர் திகைக்காமல் என்ன செய்வார்!

வணக்கம் சொல்வதிலேயே வித்தியாசம் தொடங்கிவிடும். மேட்டுநிலத்தில் 'மனாவ் அஹூவன' என்பார்கள். வேகமாகச் சொன்னால் 'மனவூன' என்றுதான் கேட்கும். வடக்கிலும் வடகிழக்கிலும் 'ம்போலா ட்சாரா'. தெற்கிலும் மேற்கிலும் 'சலாமா' அல்லது 'அக்கூரி'. அதற்குப் பிறகு, 'என்ன புதினம்?' என்று கேட்பதும் 'ஒரு புதினமும் இல்லை' என்று பதில் சொல்வதும் நாடு முழுக்க உள்ள வழக்கம். புதினம் இருந்தாலும் முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். நம் ஊரில் 'என்னங்க சேதி?' என்றால் 'ஒண்ணுமில்லங்க' என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுவோமே, அதுதான்.

ஒலியிலும் பெரிய பிரிவு ஒன்று உண்டு. ஐந்துக்கு மெரினாவில் 'டிமி'. மேற்கிலும் தெற்கிலும் 'லிமி'. வெள்ளை நிறத்துக்கு மெரினாவில் 'ஃபூட்சி'. தெற்கே 'ஃபூத்தி'. 'லி' என்பது 'டி' ஆவதும், 'தி' என்பது 'ட்சி' ஆவதும் கிழக்கிலும் நடுவிலும் நடந்த மாற்றம். மேற்கும் தெற்கும் பழைய ஒலியை விடாமல் வைத்திருக்கின்றன. மலாய்க்காரரைக் கேட்டுப் பாருங்கள்: ஐந்து 'லீமா', வெள்ளை 'பூத்தி'. பாரா நாட்டுப் பேச்சுத்தான் அதற்குக் கிட்ட நிற்கிறது.

இன்னொன்று நம் 'ங'. தமிழ் அரிச்சுவடியில் அதைப் படித்துவிட்டு 'ஙப்போல் வளை' தவிர வேறெங்கும் தேடமாட்டோம். கரையோர மலகாசிப் பேச்சுகளில் அந்த ஒலி தனித்து உயிரோடு இருக்கிறது. வானத்துக்கு மெரினாவில் 'லானிட்ர', கரையோரத்தில் 'லாஙிட்ர'. மலாயில் 'லாஙிட்'. மெரினாப் பேச்சு அந்த ங-வை 'ன' ஆக்கிவிட்டது. அரச மலகாசி எழுத்திலும் அதற்கென்று ஓர் எழுத்து இல்லை. கரையோரத்தார் எழுதும்போது 'ன' எழுத்தின் தலையில் புள்ளியோ வளைகோடோ வைத்துச் சமாளிக்கிறார்கள்.

சொற்கள் வேறுபட்டதற்கு எனக்கு மிகப் பிடித்த காரணம் சக்கலாவா நாட்டில் இருக்கிறது. அங்கே அரசர் இறந்தால் அவர் உயிரோடிருந்தபோது கொண்ட பெயரைச் சொல்வது விலக்கு. அந்தப் பெயரில் வரும் அன்றாடச் சொற்களையும், அதைப் போல ஒலிக்கும் சொற்களையும் மக்கள் கைவிட்டு வேறு சொல் தேடிக்கொள்வார்கள். நம் லயங்களில் மூத்த பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல், அதே பெயருள்ள சாமியைக்கூடச் சுற்றிவளைத்துச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதையே ஒரு நாடு முழுக்கச் செய்தால் சில தலைமுறைகளில் பேச்சு எப்படித் திரும்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் மகள் மொரீஷியஸில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தபோது ஒரே அறையில் இரண்டு மலகாசிப் பெண்கள். ஒருத்தி அந்த்சிராபே மேட்டுநிலத்துக்காரி, மற்றவள் வனிலா விளையும் அந்தலாஹாக் கரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசும்போது பின்னால் அவர்கள் சத்தம் கேட்கும். வாசலில் ஒரு நாய். ஒருத்தி 'அலிக்கா' என்று கூப்பிட, மற்றவள் 'அம்பூவ' என்பாள். உடனே தர்க்கம் கிளம்பும். தர்க்கம் முழுக்க மலகாசியில்தான். ஒருவருக்கொருவர் விளங்காமல் ஒரு தடவையும் நின்றதில்லை என்று மகள் சொன்னாள். உங்கள் கேள்விக்கு அந்த இரண்டு பெண்களைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்த 'அம்பூவ' ஆப்பிரிக்கக் கரையின் பாண்டு மொழிகளிலிருந்து வந்த சொல். மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் மலகாசியில் பாண்டுச் சொற்கள்தான்.

வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்: படித்த மெரினாவை விட வேண்டாம், எல்லாருக்கும் விளங்கும். ஆனால் வாய் திறக்கும்போது 'சலாமா' என்று திறக்கட்டும். அவர் தொழிலுக்கு வேண்டிய சொல் எங்கும் ஒன்றுதான். கல் 'வத்து', மாணிக்கக்கல் 'வத்துசூவ', அதாவது நல்ல கல்.

மடகாஸ்கர் குமரிக்கண்டத்தின் மிச்சம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மலகாசி தமிழிலிருந்துதானே பிறந்திருக்க வேண்டும்?
*– மஸ்கெலியா, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்*

இல்லை ஐயா. ஆசையாகக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால்தான் நேராகச் சொல்கிறேன்.

லெமூரியா என்ற பெயரே தேவாங்கின் இனத்தால் வந்தது. 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் நிறைந்திருக்கும் லெமூர் இனத்துக்கு இந்தியப் பக்கத்திலும் உறவு இருப்பதைப் பார்த்து, இடையில் ஒரு கண்டம் மூழ்கியிருக்கலாம் என்று எழுதினார். தமிழறிஞர்கள் பிறகு அதைக் குமரிக்கண்டத்தோடு பொருத்திக்கொண்டார்கள். இன்று புவியியல் சொல்வது வேறு: இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டன. அப்போது மனிதனே இல்லை, மொழிக்கு எங்கே போவது?

மலகாசியின் தாய்வீடு போர்னியோ. தென்கிழக்குப் போர்னியோவில் பாரிட்டோ ஆற்றுப் பக்கம் மாஅன்யான் என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழிதான் மலகாசிக்கு மிக நெருங்கிய உறவு. மடகாஸ்கரில் சமயப் பணி செய்த ஓட்டோ கிறிஸ்டியன் டால் என்ற நோர்வேக்காரர் 1951இல் இரண்டையும் ஒப்பிட்டு நூல் எழுதி இதை நிலைநாட்டினார். அதற்கு வெகு காலம் முன்பே மலாய்க்கும் மலகாசிக்கும் உறவு தெரிந்துதான் இருந்தது. ஃபிரெடெரிக் த ஹௌட்மன் என்ற ஒல்லாந்தர் சுமாத்திராவின் ஆச்சேயில் சிறைப்பட்டுக் கிடந்த காலத்தில் மலாய் கற்றுக்கொண்டு, 1603இல் மலாய்ச் சொற்களையும் மலகாசிச் சொற்களையும் ஒரே புத்தகத்தில் அச்சிட்டார்.

இந்து சமுத்திரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அவர்கள் கடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2012இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய மலகாசி மக்களின் ஆசியத் தாய்வழி ஏறத்தாழ 30 பெண்களுக்குள் அடங்கிவிடும் என்று கணக்கிட்டது. நான் அதைப் படித்த அன்று வேறு வேலையே ஓடவில்லை. ஒரு சிறு கூட்டம் கொண்டுபோன பேச்சு இன்று கோடிக்கணக்கானவர் வாயில் இருக்கிறது.

தமிழோடு உறவே இல்லையா என்று நீங்கள் வருந்த வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் பொதுவாகச் சொற்கடன் கொடுத்தவர் ஒருவர் உண்டு: சமஸ்கிருதம். அது மலாய், ஜாவா வழியாக அங்கே போயிற்று. தீவின் தெற்கிலும் மேற்கிலும் வழங்கிய மாதப் பெயர்களில் 'மாக்க', 'அசூட்ரி' என்று இரண்டு. மாகம் நமக்கு மாசியாயிற்று, ஆஷாடம் ஆடியாயிற்று. கோடி என்ற எண் மலாய்க்குப் போய்க் 'கெத்தி' ஆகி, மலகாசியில் 'ஹெட்சி' ஆயிற்று. போகும் வழியில் மதிப்புக் குறைந்து இன்று அது ஓர் இலட்சம். மெரினாவிலோ பழைய மாதப் பெயர்களும் இன்றைய கிழமைப் பெயர்களும் அரபிலிருந்து வந்தவை. வெள்ளிக்கிழமை 'ஸூமா'. நம் முஸ்லிம் சகோதரர்களின் ஜும்ஆதான் அது.

எங்கள் வீட்டில் மலாய் பேசுகிறோம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உம்மா மலகாசி எண்களைச் சொல்லச் சொல்கிறார். எங்களுடையதைக் கீழே எழுதியிருக்கிறேன்: சாத்து, டூவா, தீகா, அம்பத், லீமா, அனம், தூஜு, டிலாப்பன், சம்பிலான், ஸ்பூலு.
*– பதுளை வாசகி*

உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் மகள். இதோ மெரினா வழக்கு: இராய், ரூவ, தேலு, எஃபட்ர, டிமி, எனின, ஃபித்து, வாலு, சிவி, ஃபூலு. சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, பத்து எல்லாம் அவர் காதில் ஒட்டும். மூன்று, ஏழு, எட்டு, ஒன்பது ஒட்டாது. அந்த நான்கிலும் பாதை மாறியது மலாய்தான். மூன்றுக்குத் 'தெலு', ஏழுக்குப் 'பித்து', எட்டுக்கு 'வாலு' என்பவைதான் அந்தக் குடும்பத்தின் ஆதி எண்கள். ஒன்பதுக்கு மாஅன்யானில் 'சுஎய்', மலகாசியில் 'சிவி'.

இன்னும் சில தருகிறேன், அவரிடம் கேட்டு விளையாடுங்கள். நெருப்பு: ஆப்பி, ஆஃபு. நிலா: பூலான், வூலன. கல்: பாத்து, வத்து. இறப்பு: இரண்டிலும் மாத்தி. மலாயில் மலிவு என்ற பொருளில் சொல்லும் 'மூரா' மலகாசியில் மலிவுக்கும் இலகுவுக்கும் ஆகும். அதையே இரண்டு தடவை 'மூரமூர' என்றால் 'மெதுவா, மெதுவா'. மடகாஸ்கருக்குப் போகிறவர் முதலில் கேட்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். 'சோறு தின்கிறேன்' என்பதை 'நாசி' முதலில், 'மாக்கான்' பிறகு வைத்து எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் வினையை முதலில் வைத்து அதற்குப் பிறகுதான் சோறு. 'வீட்டில்' என்பதற்கு அங்கே உருபு முன்னால் வரும், உங்கள் வீட்டில் 'ரூமா-கா' என்று பின்னால் ஒட்டுகிறது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து தமிழோடும் சிங்களத்தோடும் பக்கத்து வீட்டில் இருந்து உங்கள் மலாய் வாக்கியத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டது. மலகாசியோ ஆப்பிரிக்காவின் ஓரத்துக்குப் போயும் தன் பழைய வாக்கிய முறையைத் திருப்பவில்லை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு, இந்து சமுத்திரத்தின் இரண்டு தீவுகளில் இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறார்கள். உங்கள் உம்மாவின் மலாயை யாரும் 'உடைந்த மலாய்' என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பிள்ளை ஒன்று மலகாசி படித்தால் எது கஷ்டம், எது சுலபம்?
*– கொட்டகலை, உயர்தர மாணவர்*

கஷ்டம் வாக்கியம். நாம் வினையைக் கடைசிக்கு வைத்துக் காத்திருப்போம். அவர்கள் வினையை முதலில் போட்டு, ஆளைக் கடைசியில் சொல்வார்கள். 'மிஹினன வாரி னி ஸாஸா': சாப்பிடுகிறது, சோறு, பிள்ளை. சோற்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் வினையின் உருவத்தை மாற்றிச் சோற்றைக் கடைசிக்குக் கொண்டுவருவார்கள். சாப்பிட்ட கரண்டியைப் பற்றிப் பேச வேண்டுமானால் வினைக்கு மூன்றாவது ஓர் உருவம் உண்டு, அப்போது கடைசியில் கரண்டி வரும். உலகத்து இலக்கண ஆய்வாளர்களுக்கு மலகாசி மேல் இவ்வளவு காதல் வந்தது இந்த மூன்றாவது உருவத்தால்தான்.

சுலபம் எது தெரியுமா தம்பி? நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்தால் 'இசிக்க', சேர்க்காவிட்டால் 'இஸஹாய்'. ஆங்கிலம் படிப்பிக்கிறவர், பிரெஞ்சு படிப்பிக்கிறவர், சிங்களம் படிப்பிக்கிறவர் எல்லாரும் இதை விளக்க ஒரு பாடவேளை வேண்டும். உனக்கு அரை நிமிடம் போதும்.

சுட்டுச் சொற்களில் அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். கையருகில் இருப்பதிலிருந்து எட்டாத் தூரம்வரை இலக்கண நூல்கள் ஏழு படி காட்டுகின்றன. கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வரிசை, தெரியாததற்கு இன்னொரு வரிசை. மலைச்சரிவில் தெரியும் வீட்டை 'இரி' என்றும், மறைந்திருப்பதை 'இஸானி' என்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் அ, இ, உ என்று மூன்று சுட்டுச் சொன்னார். நடுவில் உள்ள 'உ'வை நம் மலையகத்துப் பேச்சு இழந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் 'உவன்', 'உது' என்று இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுக்குச் சொல்வார்கள். 1972 என்பது 'இரண்டு மேல் எழுபது, தொள்ளாயிரம், ஆயிரம்' என்ற வரிசையில் வரும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இப்படிச் சொன்னால் கணக்கெழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

மடகாஸ்கரில் தேயிலை உண்டா? அதற்கு என்ன பெயர்?
*– நானுஓயா வாசகர்*

உண்டு. ஃபியனரன்த்சோவா நகருக்குப் பக்கத்தில் சஹம்பாவி என்ற இடத்தில் பெரிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மலையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு இறங்கும் ரயில் பாதை அங்கேதான் போகிறது. நானுஓயாக்காரருக்கு அந்நியமாக இருக்காது. தேநீர் 'டித்தே', பிரெஞ்சிலிருந்து வந்தது. மேசை, வெண்ணெய், வைன் எல்லாம் பிரெஞ்சுதான். ஆனால் புத்தகம் 'பூக்கி', பாடசாலை 'செக்கூலி', சிலேட்டுக்கு 'சுலாய்ட்ர'. சாப்பாட்டு மேசை பிரெஞ்சுக்காரனுடையது, வகுப்பறை ஆங்கிலம் பேசிய பாதிரிமாருடையது. ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

ஹட்டனிலிருந்து வந்து வடக்கில் படிக்கிறேன். விடுதியில் நான் 'பேசுறாங்க' என்றால் சிரிக்கிறார்கள், 'கதைக்கினம்' என்று திருத்துகிறார்கள். மடகாஸ்கரில் மட்டும் மெரினாப் பேச்சு எப்படிச் 'சரியான' மொழியாயிற்று? மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்களா?
*– ஒரு பல்கலைக்கழக மாணவி*

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் இவ்வளவு பக்கம் கேட்டு வாங்கினேன்.

எழுத்தை முதலில் கையில் எடுத்தவர்கள் மெரினாக்காரர் அல்ல. தென்கிழக்குக் கரையின் அந்தேமூரு மக்கள் அரபு எழுத்தில் மலகாசியை எழுதினார்கள். அதற்குச் 'சுரபே' என்று பெயர். மரப்பட்டையிலிருந்து தாள் செய்து, சோதிடம், வைத்தியம், வம்ச வரலாறு எல்லாம் எழுதி வைத்தார்கள். நம் அரபுத்தமிழை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெரினா அரசர் அந்திரியனம்புயினிமெரினாவே இந்த எழுத்தர்களைத் தன் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார்.

அவர் மகன் முதலாம் ராடாமா 1810இல் பட்டத்துக்கு வந்தார். இலண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரிமார் டேவிட் ஜோன்ஸும் டேவிட் கிரிஃபித்ஸும் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து பாடசாலை நடத்தினார்கள். 1823இல் ராடாமா இலத்தீன் எழுத்தை ஏற்றார். மெய்யெழுத்துக்கு ஆங்கில முறை, உயிருக்குப் பிரெஞ்சு முறை என்று உடன்பாடு. 1835இல் முழு விவிலியமும் அந்தனனரிவோவில் அச்சாயிற்று. அச்சகம், அரண்மனை, பாடசாலை மூன்றும் ஒரே ஊரில். அந்த ஊர்ப் பேச்சு புத்தகமாயிற்று. புத்தகத்தில் இருந்தது சரி, மற்றதெல்லாம் பிழை என்று ஆயிற்று. மெரினாப் பேச்சு மற்றதைவிட அழகு என்றோ பழமை என்றோ யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பழமை பார்த்திருந்தால் பரிசு தெற்குக்குப் போயிருக்கும்.

ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டாய். 1896இல் பிரெஞ்சுக்காரர் தீவைப் பிடித்தபின் எல்லாருக்கும் மேலே பிரெஞ்சு உட்கார்ந்தது. 1960இல் சுதந்திரம் வந்தும் அது இறங்கவில்லை. 1972 மே மாதம் மாணவர் தெருவுக்கு வந்தார்கள், அரசாங்கம் விழுந்தது, பாடசாலையில் மலகாசி வேண்டும் என்ற குரல் வென்றது. உடனே கரையோரத்தார் கேட்டார்கள்: எந்த மலகாசி? அந்த டிசம்பரில் கிழக்குத் துறைமுகம் தோமசினாவில் கலவரமே வெடித்தது. பிரெஞ்சு போய் மெரினா வந்தால் எங்களுக்கு என்ன இலாபம் என்பது அவர்கள் கேள்வி. எல்லாப் பேச்சிலிருந்தும் சொல் எடுத்து 'பொது மலகாசி' ஒன்று கட்டலாம் என்று 1975க்குப் பின் வந்த ஆட்சியில் திட்டம் போட்டார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் வகுப்பறைக்குப் புத்தகமாக வந்தது பெரும்பாலும் பழைய அரச மலகாசியே. 1990களின் தொடக்கத்தில் பிரெஞ்சு மறுபடி பயிற்று மொழியாயிற்று. 2007இல் ஆங்கிலமும் அரச மொழிகளோடு சேர்ந்தது, 2010 அரசியலமைப்பில் அது போய் மலகாசியும் பிரெஞ்சும் நின்றன. இத்தனை மாற்றத்திலும் தந்திரூய்ப் பிள்ளையின் வீட்டுப் பேச்சுக்குப் புத்தகத்தில் இடம் கேட்டவர் குறைவு.

நான் படிப்பித்த ஒரு தோட்டப் பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். 'என் அம்மா' என்று கட்டுரை. நாலாம் ஆண்டுப் பிள்ளை எழுதியிருந்தது: 'அம்மா வெள்ளனவே பெரட்டுக்குப் போயிருவாங்க. மழ பேஞ்சா அரப்பேர் தான்.' அடுத்த மேசை ஆசிரியர் 'பெரட்டு', 'அரப்பேர்' இரண்டையும் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'வேலைக்கு', 'குறைந்த சம்பளம்' என்று எழுதினார். அந்த இரண்டு சொல்லோடு விடியற்காலைப் பெரட்டுக்களமும், துண்டில் பாதி நாளாக விழும் பேரும் கட்டுரையிலிருந்து போய்விட்டன. மிஞ்சியது எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடிய கட்டுரை. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையில் மூன்று வரிதான் எழுதியது.

பொது எழுத்துத் தமிழ் வேண்டும், நானும் அதில்தான் எழுதுகிறேன். பரீட்சைக்கும் பத்திரிகைக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் 'கதைக்கினம்' என்பது எழுத்துத் தமிழ் இல்லை, அதுவும் ஒரு வட்டாரப் பேச்சு, அழகான பேச்சு. உன் 'பேசுறாங்க' அதற்கு ஒரு படியும் கீழே இல்லை. உன் தோழிகளிடம் சண்டை பிடிக்காதே. அவர்களுடைய 'உவை', 'உது' எல்லாம் கற்றுக்கொள். அவர்களுக்குக் கொழுந்து, கவ்வாத்து, பிரட்டு, பேர் எல்லாம் கற்றுக்கொடு. அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் பேச்சை மாற்றாதே.

மலகாசி மடகாஸ்கருக்கு வெளியே எங்காவது தாய்மொழியாக இருக்கிறதா?
*– பண்டாரவளை வாசகர்*

கொமோரோத் தீவுகளுக்குப் பக்கத்தில் மயோட் என்று பிரான்ஸுக்குச் சொந்தமான சிறு தீவு. அங்கே பல கிராமங்களில் 'கிபுஷி' பேசுகிறார்கள். அது சக்கலாவாவையும் வடமேற்குக் கரையின் பேச்சையும் ஒட்டிய மலகாசி. பெயருக்கு முன்னால் பாண்டு மொழிகளின் 'கி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீவில் கூடுதலானவர் பேசுவது ஷிமாவோரே என்ற பாண்டு மொழி. பாடசாலை பிரெஞ்சில், பள்ளிவாசல் அரபில்.

பதுளை, கண்டி, ஹட்டன் பக்கத்து மலாய் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் உடல் உறுப்புகளுக்கும் சமையல் சாமான்களுக்கும் சொல்லும் பெயர்களை எழுதி அனுப்புங்கள். பெரியவர்கள் சொல்லும் விதமாகவே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அடுத்த இதழில் மலகாசிச் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் போடுகிறேன்.